பெருமூலக்கூறு கண்ட பேரறிஞர்

(முதுகலை வேதியியல், இரண்டாம் ஆண்டு)

சோறு வடித்த கஞ்சியைச் சிறிது நேரம் ஆறவிட்டால் அது கெட்டியாகிவிடுகிறது. அதே கஞ்சியில் முக்கிப் பிழிந்த வேட்டி காய்ந்ததும் விறைத்து நிற்கிறது. ஆனால், ஒரு குவளை நீரில் குளுக்கோஸ் தூளைக் கரைத்து எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் அது நீரைப் போலவே ஓடுகிறது. கஞ்சியில் உள்ள மாவுப்பொருளைப் பிரித்துப் பார்த்தால் கிடைப்பதும் அதே குளுக்கோஸ்தான். பொருள் ஒன்றாயிருக்க, குணம் மட்டும் ஏன் வேறாயிற்று? நம் வீட்டு அடுப்பங்கரையில் நாள்தோறும் எழக்கூடிய இந்தச் சிறு கேள்வியை ஒட்டி, 1920ஆம் ஆண்டிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் உலகமே இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டது என்றால் நம்புவது கடினம். அந்த வழக்கில் தொடக்கத்தில் ஏறக்குறையத் தனியொருவராக நின்று வாதாடி வென்றவரே ஹெர்மான் ஸ்டௌடிங்கர்.

அவரை நான் அறிய நேர்ந்தது ஒரு தோல்வியின் வழியாகத்தான். சென்ற பருவத்தில் எங்கள் துறைக் கருத்தரங்கில், இயற்கைப் பல்சர்க்கரைகளைச் சிறிது மாற்றியமைத்தால் அவை நீரில் தாமாகவே ஒன்றுகூடி நானோ துகள்களாகின்றன என்பது பற்றி நான் பேசினேன். படங்கள் வரைந்தேன், அளவுகளைச் சொன்னேன், கைதட்டலும் பெற்றேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த எங்கள் பேராசிரியர் எழுந்து, இத்துகள் ஒரே மூலக்கூறா அல்லது பல மூலக்கூறுகளின் கூட்டமா, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை எந்தச் சோதனையால் மெய்ப்பிப்பாய் என்று கேட்டார். நான் விழித்தேன். இந்தக் கேள்விக்காகவே ஒருவர் தம் வாழ்நாளைச் செலவிட்டிருக்கிறார், நூலகத்திற்குப் போய் அவரைப் படித்துவிட்டு வா என்று சொல்லி என்னை அமரச் செய்தார். படித்ததன் பயனே இக்கட்டுரை.

இளமையும் கல்வியும்

ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் உள்ள வோர்ம்ஸ் என்னும் தொன்மையான நகரில் 1881ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் ஸ்டௌடிங்கர் பிறந்தார். தந்தை ஃபிரான்ஸ் ஸ்டௌடிங்கர் ஆசிரியர், தத்துவத்தில் தோய்ந்தவர், கூட்டுறவு இயக்கத்தில் ஈடுபாடு கொண்டவர். உழைக்கும் மக்களைப் பற்றியும் உலக அமைதியைப் பற்றியும் பேசும் இல்லத்தில் மகன் வளர்ந்தார். இதனைப் பின்னால் நாம் நினைவுகூர வேண்டியிருக்கும்.

இளைஞர் ஸ்டௌடிங்கருக்கு முதலில் பிடித்த துறை தாவரவியல்தான். செடிகொடிகளை நன்கு புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் வேதியியலைக் கற்றுக்கொள் என்று பெரியவர்கள் கூறிய அறிவுரையை ஏற்று, அத்துறையில் அடியெடுத்து வைத்தார். பின்னர் திரும்பவே இல்லை. ஹாலே பல்கலைக்கழகத்தில் 1903ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். அடுத்து ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஜோஹன்னஸ் தீலே என்பாரின் ஆய்வகத்தில் பணியாற்றுகையில், கீட்டீன்கள் என்னும் மிகுந்த வினைத்திறன் வாய்ந்த சேர்மங்களை 1905ஆம் ஆண்டு கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது 24.

1907ஆம் ஆண்டு கார்ல்ஸ்ரூவில் துணைப் பேராசிரியரானார். 1912ஆம் ஆண்டு, நோபல் பரிசு பெறவிருந்த வில்ஷ்டேட்டர் விட்டுச்சென்ற இடத்திற்கு ஜூரிக் நகரின் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரி அவரை அழைத்துக்கொண்டது. கரிம வேதியியலில் அவர் பெயர் சொல்லும் வினை ஒன்று உண்டு. 1919ஆம் ஆண்டு மேயர் என்பவரோடு சேர்ந்து கண்டது. அசைடுகளும் பாஸ்பீன்களும் ஈடுபடும் வினை. பூச்சிக்கொல்லியாகப் பயன்படும் பைரித்ரம் பூவின் சாரத்தை ஆராய்ந்தார். போர்க்காலத் தட்டுப்பாட்டில் மிளகுக்கு மாற்று செய்தார். காப்பியின் மணம் எதனால் ஆனது என்று மாணவர் ரைக்ஸ்டைனைத் துணைக்கொண்டு துருவினார். இப்படியே தொடர்ந்திருந்தால் எல்லாராலும் மதிக்கப்படும் ஒரு பேராசிரியராக, எந்தச் சச்சரவும் இன்றி அவர் வாழ்ந்து முடித்திருக்கலாம்.

போரை எதிர்த்த வேதியியலார்

ஆனால், சச்சரவுக்கு அஞ்சும் இயல்பு அவரிடம் இல்லை. முதல் உலகப்போரில் 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் ஈப்ரே போர்முனையில் ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதற்குப் பின்னின்ற மூளை ஃபிரிட்ஸ் ஹேபர். அம்மோனியாத் தயாரிப்பால் நாம் பாடப்புத்தகத்தில் அறிந்த அதே ஹேபர். கார்ல்ஸ்ரூவில் ஸ்டௌடிங்கருடன் பணியாற்றியவர். அன்று ஜெர்மனியின் பெரும்பாலான அறிஞர்கள் போரை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தில் இருந்த ஸ்டௌடிங்கரோ கணக்குப் போட்டார். இக்காலப் போரை வீரம் தீர்மானிப்பதில்லை, எந்திர ஆற்றலே தீர்மானிக்கிறது. இரு தரப்பின் தொழில் வலிமையையும் ஒப்பிட்டால், 1917ஆம் ஆண்டு அமெரிக்கா களத்தில் இறங்கிய பின் ஜெர்மனி வெல்ல வழியே இல்லை என்று கண்டார். கண்டதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஜெர்மானியப் படைத்தலைமைக்கும் எழுதினார். போர் முடிந்த பின், 1919ஆம் ஆண்டு செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏட்டில், வேதியியல் போர்முறை மனித குலத்தை எங்கே கொண்டுசெல்லும் என்று எச்சரித்தார். தாய்நாடு தளர்ந்து கிடக்கும் வேளையில் அதன் முதுகில் குத்திவிட்டார் என்று ஹேபர் சினந்தார். நண்பர்கள் இருவரும் எதிரெதிர்த் திசையில் நின்றனர். 1920ஆம் ஆண்டு ஸ்டௌடிங்கர் சுவிட்சர்லாந்துக் குடியுரிமை பெற்றார்.

அன்றைய நம்பிக்கை

அதே 1920ஆம் ஆண்டில்தான் அவர் இன்னொரு போரைத் தொடங்கினார். அதைப் புரிந்துகொள்ள, அக்கால வேதியியலார் என்ன நம்பினார்கள் என்பதை அறிய வேண்டும்.

பசை, மாவுப்பொருள் போன்றவை சவ்வின் வழியே ஊடுருவிச் செல்வதில்லை என்பதை 1861ஆம் ஆண்டிலேயே தாமஸ் கிரகாம் காட்டி, அவற்றுக்குக் கூழ்மம் என்ற வகைப் பெயரையும் இட்டிருந்தார். அப்பொருள்களில் துகள்கள் பெரியவை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அந்தப் பெருமை எங்கிருந்து வருகிறது என்பதே சிக்கல். மூலக்கூறு என்றால் சிறியதாகத்தான் இருக்க வேண்டும் என்பது அன்றைய எண்ணம். சர்க்கரை வேதியியலின் தந்தை எமில் ஃபிஷரே தாம் படிப்படியாகக் கட்டிய மிகப் பெரிய மூலக்கூறின் எடை 4,000ஐ ஒட்டியது என்று பெருமையோடு சொல்லியிருந்தார். ஆகவே, மாவுப்பொருள், செல்லுலோஸ், ரப்பர் எல்லாமே சிறிய வளைய மூலக்கூறுகள் என்றும், ஏதோ ஒரு மெல்லிய ஈர்ப்பினால் அவை கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றும் அறிஞர்கள் விளக்கினர். சோப்பு மூலக்கூறுகள் நீரில் கூடி நிற்பதை அவர்கள் சான்றாகக் காட்டினர்.

ரப்பரைப் பற்றி ஹாரீஸ் என்பவர் கூறிய கொள்கை மிகவும் செல்வாக்குப் பெற்றிருந்தது. இரட்டைப் பிணைப்புகளில் எஞ்சி நிற்கும் பகுதி இணைதிறனே அந்தச் சிறு வளையங்களை ஒட்டவைக்கிறது என்றார் அவர். இந்தப் பகுதி இணைதிறன் என்னும் கருத்தை முன்பு வகுத்தவர் வேறு யாருமல்லர். ஸ்டௌடிங்கரின் பழைய ஆய்வக ஆசான் தீலேதான்! ஆசானின் கருத்தின்மேல் எழுந்த கட்டடத்தை மாணவரே இடிக்க வேண்டியிருந்தது.

சங்கிலிக் கொள்கை

1920ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியல் கழக ஏட்டில் பலபடியாதல் பற்றிய தம் கட்டுரையை ஸ்டௌடிங்கர் வெளியிட்டார். அவர் சொன்னது எளிய கருத்து. மெல்லிய ஈர்ப்பு என்று எதையும் தனியே கற்பிக்கத் தேவையில்லை. எத்தேனிலும் குளுக்கோசிலும் அணுக்களைப் பிணைக்கும் அதே இயல்பான வேதிப்பிணைப்பே, ஆயிரக்கணக்கான அலகுகளையும் ஒரே சங்கிலியாகக் கோத்து வைக்கிறது. துகள் பெரிதாக இருப்பதற்குக் காரணம் மூலக்கூறே பெரிதாக இருப்பதுதான். 1922ஆம் ஆண்டு இதற்குப் பெருமூலக்கூறு என்னும் பெயரையும் சூட்டினார்.

பெயர் சூட்டியதோடு அவர் நிற்கவில்லை. இங்கேதான் எங்கள் பேராசிரியர் என்னிடம் கேட்ட கேள்விக்கு விடை தொடங்குகிறது. ஹாரீசின் கொள்கை உண்மையானால், ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை ஹைட்ரஜனால் நிரப்பிவிட்டால் ஒட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. கூட்டம் கலைந்து, எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகள் கிடைக்க வேண்டும். ஃபிரிட்ஷி என்னும் தம் மாணவருடன் அவர் இந்தச் சோதனையைச் செய்தார். இரட்டைப் பிணைப்புகள் போயின. ஆனால் ரப்பர் கலையவில்லை. முன்போலவே கூழ்மக் கரைசலைத்தான் தந்தது. 1922ஆம் ஆண்டின் இந்த ஒரே சோதனையில் எதிர்க்கட்சியின் அடித்தூணில் விரிசல் விழுந்தது.

எனினும் எதிர்க்கட்சி சளைக்கவில்லை. கரிம வேதியியலில் பெரும்புகழ் பெற்ற ஹைன்ரிஷ் வீலாண்டு அவருக்கு நட்புரிமையோடு ஓர் அறிவுரை சொன்னார். 5,000க்கு மேற்பட்ட எடையுள்ள கரிம மூலக்கூறுகளே இல்லை, ரப்பரை நன்கு தூய்மைப்படுத்தினால் அது படிகமாகித் தன் சிறுமையைக் காட்டிவிடும், இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். அந்நாளில் அது ஏளனமன்று, உண்மையான அக்கறை. அதனால்தான் அதைத் தாங்குவது கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. பகைவரின் ஏச்சைத் தள்ளிவிடலாம். நண்பரின் இரக்கத்தை எப்படித் தள்ளுவது?

அவைதனில் தனித்து நின்றது

படிகவியலாரிடமிருந்து இன்னொரு தடை வந்தது. எக்ஸ் கதிர்களால் செல்லுலோசை ஆராய்ந்தபோது, அதன் அடிப்படைப் படிக அறையில் நான்கு குளுக்கோஸ் அலகுகளுக்கே இடம் இருப்பது தெரிந்தது. அறையைவிட மூலக்கூறு பெரிதாக இருக்க முடியாது என்பது அன்றைய விதி. அப்படியானால் ஆயிரம் அலகுச் சங்கிலிக்கு இடம் ஏது?

1925ஆம் ஆண்டு, ஜூரிக்கை விட்டுப் புறப்படும் முன் அங்குள்ள வேதியியல் கழகத்தில் ஸ்டௌடிங்கர் உரையாற்றினார். கனிமவியலார் நிக்லி எழுந்து அப்படி ஒன்று இருக்கவே முடியாது என மறுத்தார். அவையில் எதிர்ப்பு வலுத்தது. ஸ்டௌடிங்கர் தம் நிலையிலிருந்து ஓர் அங்குலமும் அசையவில்லை.

அடுத்த ஆண்டு டுசெல்டார்ஃப் நகரில் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர்கள், மருத்துவர்கள் மாநாடு கூடியது. பெர்க்மன், பிரிங்ஸ்ஹைம் ஆகியோர் கூட்டக் கொள்கைக்காகப் பேசினர். ஸ்டௌடிங்கர் தம் சான்றுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். ஹெர்மன் மார்க் என்னும் இளம் அறிஞர், ஒரு சங்கிலி பல படிக அறைகளினூடே நீண்டு செல்ல முடியும், ஆகவே படிக அறையின் அளவு மூலக்கூறுக்கு எல்லையாகாது என்று விளக்கினார். தலைமை வகித்த வில்ஷ்டேட்டரின் மனமும் சங்கிலியின் பக்கம் சாயத் தொடங்கியது. அந்த ஆண்டே ஸ்டௌடிங்கர் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்திற்குப் பேராசிரியராக வந்தார். எஞ்சிய வாழ்நாளை அங்கேயே கழித்தார்.

மாவுப்பொருள் சொன்ன சான்று

என் மனத்தை மிகவும் கவர்ந்தது 1930களில் அவர் பல்சர்க்கரைகளைக் கொண்டு நடத்திய ஆய்வுதான். அதன் திறத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சோப்புக் கூட்டத்தைப் போல மெல்லிய ஈர்ப்பால் ஒட்டியிருக்கும் ஒரு திரள், சூழல் மாறினால் தானும் மாறும். வேறு கரைப்பானில் போட்டால் கலையும். நீர்க்கச் செய்தால் பிரியும். உண்மையான மூலக்கூறோ தன் அளவை விட்டுக்கொடுக்காது. எனவே, மாவுப்பொருளை எடுத்து, அதன் ஹைட்ராக்சில் தொகுதிகளில் அசெட்டைல் தொகுதிகளை ஏற்றினார்கள். இப்போது அது நீரை வெறுத்து, கரிமக் கரைப்பானில் கரையும் முற்றிலும் வேறான பொருள். பிறகு அந்த அசெட்டைல் தொகுதிகளை நீக்கி, மீண்டும் மாவுப்பொருளாக்கினார்கள். மூன்று நிலையிலும் சங்கிலியின் நீளத்தை அளந்தார்கள். ஒவ்வொரு நிலையிலும் கோக்கப்பட்ட அலகுகளின் எண்ணிக்கை மாறாதிருந்தது. சட்டையை மாற்றினாலும் ஆள் மாறவில்லை!

ஒரு கூட்டமாக இருந்திருந்தால், ஒவ்வொரு கரைப்பானிலும் அதே எண்ணிக்கையில் கூடி நிற்க எந்தக் காரணமும் இல்லை. செல்லுலோசிலும் இதே முடிவு கிடைத்தது. ஒரு குளுக்கோஸ் அலகின் எடை 162. ஆயிரம் அலகு கொண்ட சங்கிலி என்றால் மூலக்கூறின் எடை 1,62,000. ஃபிஷரின் 4,000 எங்கே, இது எங்கே! மாவுப்பொருளின் ஒரு பகுதியாகிய அமைலோபெக்டின் நேரான சங்கிலி அன்று, கிளைகள் உடையது என்பதை 1937ஆம் ஆண்டு அவரும் எல்ஃப்ரீடே ஹூசெமன் என்னும் பெண் அறிஞரும் எடுத்துரைத்தனர். பின்னாளில் ஃபிரைபுர்க் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பும் ஹூசெமனைத் தேடி வந்தது.

இந்த அளவுகளுக்கு ஸ்டௌடிங்கர் பெரிதும் நம்பிய கருவி மிக எளியது. மெல்லிய கண்ணாடிக் குழலினூடே கரைசல் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பாகுநிலைமானி. நம் ஆய்வகத்திலும் இருப்பதுதான். சங்கிலி நீளமானால் கரைசல் மெல்ல இறங்கும். அதைக் கொண்டே மூலக்கூறு எடையைக் கணிக்கும் விதி ஒன்றை வகுத்தார். விலையுயர்ந்த கருவி இல்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் நம்மைப் போன்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால், அவர் தவறியதும் இந்த இடத்தில்தான். சங்கிலிகள் விறைத்த குச்சிகளைப் போன்றவை என்று அவர் கருதினார். அவை நெளிந்து சுருண்டு கிடக்கும் நூல்களைப் போன்றவை என்று வெர்னர் கூன் முதலியோர் காட்டினர். மார்க், ஹௌவிங்க், சகுராடா ஆகியோர் அவர் விதியில் ஓர் அடுக்கெண்ணைச் சேர்த்துத் திருத்தினர். நாம் இன்று கற்பது அந்தத் திருத்திய விதியைத்தான். ஸ்டௌடிங்கர் அதை எளிதில் ஏற்கவில்லை. தம்மிடம் பிறர் காட்டிய பிடிவாதத்தைத் தாமும் சிறிது காட்டினார் எனலாம்.

இருண்ட ஆண்டுகள்

1933ஆம் ஆண்டு இட்லர் ஆட்சி வந்தது. ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தின் தலைவராக அமர்ந்தவர் உலகப் புகழ்பெற்ற தத்துவ அறிஞர் மார்ட்டின் ஹைடெக்கர். அவரே ஸ்டௌடிங்கரைப் பற்றி அரசுக்குப் புகார் கொடுத்தார். முதல் உலகப்போரின் போது நாட்டுப்பற்று இன்றி நடந்தார், சுவிட்சர்லாந்துக் குடியுரிமை தேடினார் என்பன குற்றச்சாட்டுகள். பதினாறு ஆண்டுகளுக்கு முன் அமைதிக்காக எழுதிய எழுத்து இப்போது தூக்குக் கயிறாகத் திரும்பி வந்தது. இரகசியப் போலீசார் விசாரித்தனர். 1934ஆம் ஆண்டு, அவரிடம் பதவி விலகல் கடிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர் ஒழுங்காக நடந்துகொள்ளும்வரை அது பயன்படுத்தப்படாது என்பது ஏற்பாடு. இந்தச் செய்தி முழுமையாக வெளியானது 1980களில், வரலாற்றாசிரியர் ஹூகோ ஓட் அந்தக் கோப்புகளைத் தேடி எடுத்த பிறகே.

அந்த நெருக்கடியில் ஸ்டௌடிங்கர் வளைந்துகொடுத்தார். ஜெர்மானிய மக்களுக்கு வேதியியல் எப்படி உதவும் என்று, புதிய ஆட்சியின் காதுக்கு இனிமையாக ஒரு கட்டுரை எழுதினார். பணியில் நீடித்தார். வெளிநாட்டுப் பயணங்களுக்கு மட்டும் அனுமதி மறுக்கப்பட்டது.

இந்தப் பகுதியை விட்டுவிடலாமே என்று என் அறைத்தோழன் சொன்னான். பெரியோர் வாழ்க்கையை எழுதுகையில் நிறைகளை மட்டும் எழுதுவதுதானே ஆண்டுமலர் வழக்கம் என்பது அவன் எண்ணம். நானும் இரண்டு நாள் யோசித்தேன். 1917இல் ஒரு பேரரசின் படைத்தலைமைக்கே உண்மையை எழுதிய கை, 1934இல் ஏன் நடுங்கியது? அன்று அவர் நடுநிலை நாட்டில் இருந்தார். இப்போது அடக்குமுறையின் வாயிலுக்குள்ளேயே இருந்தார். சான்று கேட்கும் அவையில் அஞ்சாது நிற்பது வேறு. சான்றே கேட்காத ஆட்சியின் முன் நிற்பது வேறு. நான் அங்கிருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னைக் கேட்டுக்கொண்டேன். துணிந்து பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இப்பகுதியை விடாமல் எழுதினேன்.

1940ஆம் ஆண்டு, பெருமூலக்கூறு வேதியியலுக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் ஃபிரைபுர்க்கில் உருவாயிற்று. 1944ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் இரவு நேசநாட்டு விமானங்கள் அந்நகரைக் குண்டு வீசித் தகர்த்தபோது நிறுவனமும் அழிந்தது. அப்போது அவர் 63 வயது முதியவர். இடிபாடுகளுக்கு நடுவிலிருந்து மீண்டும் எழுந்தார். 1947ஆம் ஆண்டு இத்துறைக்கென ஓர் ஆய்வேடு அவர் முயற்சியால் வெளிவரத் தொடங்கியது. இந்த ஆண்டுகள் முழுவதும் துணை நின்றவர் அவர் மனைவி மக்தா. உயிரியல் கற்றவர், கணவரின் ஆய்வில் பங்கேற்றவர், உயிரின் இரகசியம் பெருமூலக்கூறுகளில்தான் இருக்கிறது என்ற எண்ணத்தை அவருடன் சேர்ந்து வளர்த்தவர். செடிகொடிகளுக்காக வேதியியல் படிக்க வந்த இளைஞர், முதுமையில் மனைவியின் கைப்பிடித்து உயிரியலுக்கே திரும்பினார்.

காலந்தாழ்ந்த பரிசு

1953ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு ஸ்டௌடிங்கருக்கு வழங்கப்பட்டது. வயது 72. இதற்குள் உலகில் நைலான் வந்துவிட்டது, பாலித்தீன் வந்துவிட்டது, செயற்கை ரப்பர் சக்கரங்களில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வேடிக்கையைப் பாருங்கள். விட்டுவிடும்படி அறிவுரை கூறிய வீலாண்டுக்கு 1927ஆம் ஆண்டுக்கான பரிசு. மாவுப்பொருளைச் சிறு மூலக்கூறுகளின் கூட்டம் என்று சொன்ன பால் காரருக்கு 1937இல் பரிசு. அவரிடம் பயின்ற ருசிச்காவுக்கு 1939இல், ரைக்ஸ்டைனுக்கு 1950இல். எதிர்த்தவர்களும் மாணவர்களும் பெற்று முடித்த பிறகே ஆசிரியருக்கு முறை வந்தது!

1951இல் பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், 1961ஆம் ஆண்டு தம் பணி நினைவுகளை நூலாக வெளியிட்டு, 1965ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் ஃபிரைபுர்க்கில் மறைந்தார்.

மீண்டும் என் நானோ துகளுக்கு

இனி, நான் தோற்றுப்போன அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

புல்லுலன் என்பது ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கும் பல்சர்க்கரை. நீரில் நன்கு கரையும். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகியோஷி, சுனாமோட்டோ முதலியோர், இதன் சங்கிலியில் ஆங்காங்கே கொலஸ்ட்ரால் தொகுதிகளைத் தொங்கவிட்டு, விளைந்ததை 1993ஆம் ஆண்டு வெளியிட்டனர். 100 சர்க்கரை அலகுகளுக்கு 2 கொலஸ்ட்ரால்கூட இல்லை. அவ்வளவு சிறிய மாற்றம். ஆனால் விளைவு பெரிது. கொலஸ்ட்ராலுக்கு நீர் பகை. புல்லுலனுக்கு நீர் உறவு. எனவே கொலஸ்ட்ரால் தொகுதிகள் நீருக்கு ஒளிந்து உட்புறத்தில் ஒன்றையொன்று நாடிக் கூடுகின்றன; சர்க்கரைச் சங்கிலிகள் நீரை நோக்கி வெளியே நிற்கின்றன. பல சங்கிலிகள் இப்படிச் சேர்ந்து, 20 முதல் 30 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாகின்றன. மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். யாரும் பிடித்து உருட்டுவதில்லை, தாமே உருள்கின்றன.

உட்புறத்தில் நீரை வெறுக்கும் மருந்தையும், இன்சுலின் போன்ற புரதத்தையும் தங்கவைக்கலாம். இவ்வகைத் துகளில் புரதத்தை ஏற்றிப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசியாக மனிதரிடமும் சோதித்துள்ளனர். இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசனைக் கொண்டும் இதே முறையில் துகள்கள் செய்கிறார்கள்.

இப்போது சொல்கிறேன். என் துகள் பல மூலக்கூறுகளின் கூட்டமே. அதைப் பிடித்து வைத்திருப்பது ஸ்டௌடிங்கரின் எதிரிகள் பேசிய அந்த மெல்லிய ஈர்ப்பு வகைதான். கொலஸ்ட்ராலைப் பிடித்துக்கொள்ளும் வளைய மூலக்கூறான சைக்ளோடெக்ஸ்ட்ரினைச் சேர்த்தால் கூட்டம் கலைகிறது, இதுவே சோதனை. ஆனால் கலைந்த பின் கையில் மிஞ்சுவது சிறு வளையங்கள் அல்ல. முழு நீளச் சங்கிலிகள். அவற்றைக் கோத்திருப்பது ஸ்டௌடிங்கரின் வேதிப்பிணைப்பு. சோப்புக் கூட்டம் நீர்க்கச் செய்ததும் சிதறுகிறது. இத்துகளோ பெரிதும் நீர்த்த நிலையிலும், குருதியில் கலந்தபின்னும் தாக்குப்பிடிக்க முயல்கிறது. ஒவ்வொரு சங்கிலியும் பல இடங்களில் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்வதே அதன் காரணம். நீண்ட சங்கிலி இல்லையேல் உறுதியான கூட்டம் இல்லை. இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்ட இரண்டு விசைகளும், 30 நானோமீட்டர் உருண்டைக்குள் சமாதானமாகக் குடியிருக்கின்றன.

எதிர்க்கட்சியார் கண்ட விசை பொய்யன்று. அதை அவர்கள் வைத்த இடம்தான் தவறு. எதைச் சங்கிலி தாங்குகிறது, எதைக் கூட்டம் தாங்குகிறது என்று பிரித்துக் காட்டினாரே, அதுவே ஸ்டௌடிங்கர் நமக்குத் தந்த அளவுகோல். அந்த அளவுகோல் இல்லாமல் யாரும் இத்துகளைத் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. 1919இல் அவர் கண்ட அந்த அசைடு வினையை 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் கரோலின் பெர்டோசி குழுவினர் சற்று மாற்றி, உயிருள்ள செல்லின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைகளுக்கு அடையாளமிடப் பயன்படுத்தினர். அவ்வழியில் தொடர்ந்த பெர்டோசிக்கு 2022ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. விதைத்தவர் மறைந்தாலும் விதை உறங்குவதில்லை அன்றோ!

அடுத்த வாரம் துறைக் கருத்தரங்கில் மீண்டும் பேச எனக்கு ஒரு வாய்ப்புத் தந்திருக்கிறார்கள். இம்முறை படங்களைக் குறைத்துக்கொள்ளப் போகிறேன். ஒரு குவளையில் கஞ்சியும், மற்றொரு குவளையில் குளுக்கோஸ் கரைசலும், நடுவில் நம் ஆய்வகத்துப் பாகுநிலைமானியும் மேசைமேல் இருக்கும். பேராசிரியர் அதே பின்வரிசையில் அமர்ந்திருப்பார். அவர் எழுந்து கேட்கட்டும், காத்திருக்கிறேன்.